முப்பது வினாடிப் பெட்டி

வீடு மாற்றும்போதுதான் ஒரு மனிதன் எவ்வளவு குப்பையைக் கட்டிக் காப்பாற்றி வந்திருக்கிறான் என்பது வெட்டவெளிச்சமாகும். போன வாரம் மதுரைக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாறினோம். பரணில் ஏறிய என் மகள், பழைய காலண்டர் தாளில் சுற்றியிருந்த ஒரு பொட்டலத்தை இறக்கிப் பிரித்தாள். "அப்பா, இது என்ன, கடைக்காரங்க வச்சிருக்கிற கால்குலேட்டரா?" என்று கேட்டாள். சாப்பாட்டுத் தட்டு அகலம், மேலே எட்டு ரப்பர் பட்டன்கள், ஓரத்தில் திருகுகிற நாலு குமிழ். கையில் வாங்கியதும் விரல் ஒட்டிக்கொண்டது. பதினைந்து, பதினாறு வருஷம் சும்மா கிடந்தால் ரப்பர் இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும் போலிருக்கிறது.

"பாட்டுப் போடுற பொட்டிம்மா" என்றேன். "எங்க, போடுங்க" என்றாள். பேட்டரி இல்லை என்று சொன்னதும் அவள் அத்தோடு விட்டுவிட்டாள். நான்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமான் ஏற்ற வந்தவர்கள் என்னையும் ஒரு சாமானாக நினைத்துச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

விரலில் ஒட்டிய அந்தப் பிசுபிசுப்பு எனக்குப் பழக்கமானது. எங்கள் வீட்டில் எந்நேரமும் ஒரு சட்டி மைதாப் பசை இருக்கும். சிவகாசிக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில் இருக்கிற ஊர். டிரைவருக்கு மனசிருந்தால் பஸ் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த ஊரில் இறங்கி நடந்து வர வேண்டும். அப்பா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டுவாள். வெறும் குழாய்தான், வெடிமருந்து கிடையாது. மருந்து அக்காவின் வேலை. முத்துலட்சுமி, என்னைவிட நாலு வயது மூத்தவள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும், ஏறிப் போவாள். அங்கே பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்துகிற அறையில் வேலை. நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில், காலண்டர் அடிக்கிற மிஷினுக்குத் தாள் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் பட்டாசு வேலைக்குப் போகாததற்குப் படிப்பு காரணமில்லை, லட்சியமும் இல்லை. பயம், அவ்வளவுதான். ஊதுபத்தியையே கையை நீட்டிப் பிடித்துக் கொளுத்துகிற ஆள் நான்.

ஆனால் பயத்தில் என்னை ஜெயிக்க எங்கள் வீட்டிலேயே ஆள் இருந்தது. அக்காவை ஏற்றிக்கொண்டு வேன் போனதிலிருந்து சாயங்காலம் திரும்பி வருகிற வரைக்கும் அம்மா மிக்சி போடமாட்டாள். மிக்சி ஓடும்போது மேற்கே, கம்பெனிப் பக்கம், ஏதாவது நடந்தால் கேட்காமல் போய்விடும் என்று பயம். சட்னி, மசாலா எல்லாம் விடியற்காலையில் அரைத்து வைத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அன்றைக்கு அம்மிதான். டிவியில் ஆட்கள் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. கண் குழாயில் இருக்கும், கை பசையில் இருக்கும், காது மட்டும் மேற்கே இருக்கும். எங்கள் வீடு மட்டுமல்ல, வேனில் ஆள் அனுப்பிய எல்லா வீடும் அப்படித்தான். மெயின் ரோட்டில் ஒரு லாரி டயர் வெடித்தால் போதும், தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும். எல்லோரும் மேற்கே பார்ப்பார்கள். புகை எழும்பவில்லை என்று தெரிந்த பிறகு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உள்ளே போய்விடுவார்கள்.

நீங்கள் சிரிப்பீர்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிற எங்கள் ஊரில், வேலை நாளில் பகலில் ஒரு ஓலைவெடி வெடிக்க முடியாது. கல்யாணமோ சாவோ கோயில் கொடையோ, வேன் எல்லாம் திரும்பி வந்த பிறகுதான் வெடி. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஒரு தடவை வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் ஒரு சரத்தைப் பற்றவைத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் பாதிப்பேர் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் சத்தம் உண்டாக்குகிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். சாத்தூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, லேப்டாப்புக்கு மாறியதும், ஒரு முழ நீளத்தில் ஒரு சின்ன சிந்தசைசரையும் இந்தப் பெட்டியையும் எனக்கு விற்றார். இதற்குச் சாம்ப்ளர் என்று பெயர். எந்தச் சத்தத்தையும் இதற்குள் பதிந்து ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடலாம். பட்டனைத் தட்டினால் அந்தச் சத்தம் வரும். சுருதியைக் கூட்டலாம், குறைக்கலாம், அடுக்கி அடுக்கித் தாளமாக்கலாம். கரண்ட் இல்லாவிட்டாலும் ஆறு பேட்டரியில் ஓடும். மின்வெட்டுக் காலத்தில் அது பெரிய வரம். ஒரே குறை, மொத்தமே முப்பது வினாடி சத்தம்தான் அதற்குள் கொள்ளும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் இருப்பதில் ஒன்றை அழிக்க வேண்டும். மைக் செட் கடையில் கழித்துப் போட்ட ஆம்ப்ளிபயரும் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு பாக்ஸ் ஸ்பீக்கரும் பிறகு வந்து சேர்ந்தன. உலகத்திலேயே கடைசி இசையமைப்பாளன் நான்தான் என்கிற நினைப்பில் திரிந்தேன்.

அச்சகத்தில் மிஷின் தாளை உறிஞ்சி எடுக்கிற 'சுப், சுப்' சத்தம் ஒரு பட்டனில் இருந்தது. அம்மா குழாயைத் தரையில் தட்டி நேராக்குகிற சத்தம் இன்னொன்றில். மூன்றாவதில் அக்கா இருந்தாள். ஒரு நாள் அவள் சாப்பிடக் கூப்பிட்டபோது தெரியாமல் பதிந்துவிட்டேன். "ஏலே, சாப்ட வாலே" என்று இரண்டு வினாடி. அதை வேகமாக ஓட்டினால் கிளி பேசுவது மாதிரி இருக்கும், மெதுவாக ஓட்டினால் எங்கள் பெரியப்பா பேசுவது மாதிரி இருக்கும். அக்காவுக்கு அதில் ஒரே குஷி. சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் குளிக்கக்கூடப் போகாமல் வந்து தட்டுவாள். எவ்வளவு கழுவினாலும் அவள் விரல் நுனியில் அலுமினியப் பொடி போகாது. பட்டனெல்லாம் வெள்ளி பூசினது மாதிரி ஆகிவிடும். நான் துணியை வைத்துக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டிருப்பேன்.

பகலில் பாட்டு வேலை பார்க்க அம்மா ஒரு விதி வைத்திருந்தாள். ஸ்பீக்கர் கூடாது, ஹெட்போன்தான். அதையும் ஒரு காதில்தான் மாட்ட வேண்டும். "ரெண்டையும் அடைச்சுக்கிட்டு உக்காராதலே. ஒரு காதைத் தொறந்து வையி. ஆத்திர அவசரத்துக்குக் கேக்க வேண்டாமா?" உலகத்தில் எல்லோரும் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்ட காலத்தில் நான் பாதி மண்டையில் பாட்டுப் போட்டேன்.

எந்தப் பாட்டுக்கும் அடியில் 'தும்' என்று நெஞ்சில் விழுகிற மாதிரி ஒரு அடி வேண்டும். பெட்டியில் இருந்த டிரம் சத்தம் தகர டப்பா மாதிரி இருந்தது. சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு 'தும்'முக்கு எங்கே போவது என்று நான் தேடியிருக்கவே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேன் ஓடாத நாள், வறண்ட கண்மாய்க்குள் இறங்கி, ஒரு மண்பானையைக் கவிழ்த்து, அதற்குள் ஒரு அணுகுண்டை வைத்து, மைக்கைத் தூரத்தில் ஊன்றிவிட்டு வந்தேன். பற்றவைத்தது அக்காதான், நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். சுருதியைக் குறைத்துப் போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு சத்தம். சுவரே வயிற்றுக்குள் வந்து விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அது நாலு வினாடி நீளம், பெட்டியில் இடமில்லை. அக்காவின் குரலையும் இன்னொன்றையும் அழித்தேன்.

"என்னைய அழிச்சிட்டியாலே?" என்று கேட்டாள். "எடம் இல்லக்கா" என்றேன். "எனக்கு எடம் இல்ல, வெடிக்கு எடம் இருக்கு. நல்லா இருப்ப" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள்.

நடந்தது அந்த வாரத்திலேயே. முந்தின நாள் சாயங்காலம், வேனெல்லாம் வந்த பிறகு, ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வோல்டேஜ் குறைவு, சத்தம் முனகியது. ஆம்ப்ளிபயர் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினேன். அப்போது கரண்ட் போனது. போனால் போகிறது என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலையிலும் கரண்ட் வரவில்லை. அச்சகத்தில் எனக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட், அதனால் பகலில் வீட்டில் இருந்தேன். பேட்டரியைப் போட்டு, ஒரு காதில் ஹெட்போனை மாட்டி, வேலையை ஆரம்பித்தேன். பெட்டியிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போன ஒயரை நான் பிடுங்கவில்லை. குமிழும் முந்தின நாள் திருகின இடத்திலேயே இருந்தது. பத்து, பதினொரு மணி இருக்கும். வெடிச் சத்தத்துப் பட்டனைத் தட்டினேன்.

பூமி அதிர்ந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹெட்போன் கழுத்தில் விழ, ஒயர் பிடுங்கிக்கொண்டு வர, வாசலுக்கு ஓடினேன். சத்தியமாக அது மேற்கே என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் வேறெங்கிருந்தும் வராது. தெரு முழுக்க வெளியே இருந்தது. அடுத்த வீட்டுத் தங்கம்மா அத்தையின் மருமகளும் அதே வேனில் போகிறவள். "ஏ பாவி, நம்ம பக்கந்தான்!" என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். அம்மா பசைக் கையோடு, செருப்பில்லாமல், "முத்து, முத்து" என்று அவள் பின்னால் ஓடினாள். புகை வருகிறதா என்று நின்று பார்க்க அன்றைக்கு யாருக்கும் பொறுமை இல்லை.

இரண்டு மைல் இருக்கும், கரிசல் காட்டு வழி, இரண்டு பக்கமும் கருவேல முள். பாதி தூரம் ஓடின பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. நான் எழுந்து ஓடும்போது தலைக்கு மேலே ஃபேன் சுற்ற ஆரம்பித்திருந்தது. நான் பட்டனைத் தட்டிய அதே நொடியில் கரண்ட் வந்திருக்கிறது. கழுத்தில் ஹெட்போன் ஒயர் ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அத்தனை பேரும் சேர்ந்து என்னைப் பிய்த்துவிடுவார்கள் என்று பயம். பயந்துகொண்டே நானும் ஓடினேன்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் மறித்துக்கொண்டு, "இங்க ஒண்ணும் இல்லத்தா! எல்லாம் நல்லாருக்காக, திரும்பிப் போங்க!" என்று கத்தினார். யார் கேட்டது? உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டுச் சொல்லவும் வழியில்லை. வெளியே கூட்டம் கதறுவதைப் பார்த்து உள்ளே அறைகளில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வர ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தாள். அம்மா கம்பிக்குள் கையை விட்டு அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி உள்ளே போனாள்.

சாயங்காலம் வந்ததும் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "தட்டு நெறைய மருந்து, என் கையில. வாசப்படியில நிக்கேன். எல்லாரும் ஓடுறாக. எனக்கும் ஓடத்தான்லே தோணுச்சு. தட்டு கீழ விழுந்தா, எதுலயாவது ஒரசுனா, அம்புட்டுத்தான். அப்படியே நின்னேன். போர்மேன் அண்ணாச்சி வந்து தட்ட வாங்குற வரைக்கும் மூச்சு விடல" என்றாள். பிறகு பெட்டியைக் காட்டி, "அந்தச் சத்தத்தப் போடு, கேப்போம்" என்றாள்.

ஸ்பீக்கர் அந்த ஒரே அடியில் கிழிந்து போயிருந்தது. ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடவை. பிறகு கழற்றிக் கொடுத்தாள்.

"இது வெளிய இருக்கவுகளுக்குக் கேக்குற சத்தம்லே. உள்ள இருக்கவுகளுக்கு இது கேக்காது."

"ஏன்க்கா?"

"கேக்க நேரம் இருக்காதுல்ல" என்றாள். விறகு ஈரமாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அன்றைக்கே அந்தச் சத்தத்தை அழித்தேன். இடம் காலியானது. அவள் குரலை மறுபடியும் பதியலாம் என்று மைக்கை எடுத்துக்கொண்டு போனேன். "தொண்ட கட்டியிருக்கு, சீசன் முடியட்டும்லே" என்றாள். நடந்ததை அம்மாவிடமும் நீயே சொல்லிவிடு என்று அக்கா சொன்னாள், சொன்னேன். அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். தெருவுக்கெல்லாம் அவளே போய்ச் சொன்னாள். தங்கம்மா அத்தை வந்து, "சத்தம் போடணும்னா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடுய்யா. உள்ளங்கால்ல இன்னும் முள்ளு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எங்கே என்ன சத்தம் கேட்டாலும், மேற்கே பார்ப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். "முத்து தம்பி பொட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். லாரி டயர் வெடித்தால்கூட நான்தான். ஸ்பீக்கர் கிழிந்து கிடக்கிறது என்று நானும் யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தெருவுக்கே ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி, அந்தச் சில மாதம் எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தீபாவளிக்கு முந்தின சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது, லோடு லாரி வரிசையாக நின்ற நேரம். அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள். எனக்கு மறுபடியும் ராத்திரி ஷிப்ட் வாரம். பகலில் பெட்டியை மடியில் வைத்துப் பட்டன்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேட்டரியைக் கழற்றி டார்ச் லைட்டுக்குப் போட்டிருந்தேன். தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. பிறகுதான் சத்தம் வந்தது. அம்மா அடுக்கி வைத்திருந்த குழாய்க் குவியல் சரிந்து அறையெல்லாம் உருண்டது.

அம்மா இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தாள். கையெல்லாம் பசை. வாசலில் தங்கம்மா அத்தையும் இன்னும் நாலைந்து பெண்களும் வந்து நின்றுவிட்டார்கள்.

"நீதானே? நீதானலே போட்ட? சொல்லுலே, நீதானே?"

அவள் கண்ணைப் பார்த்தேன். மடியில் பெட்டி, அடியில் மூடி திறந்து, பேட்டரி இல்லாமல் கிடந்தது. எனக்கும் அது நானாக இருக்க வேண்டும் போலிருந்தது.

"ஆமாம்மா. நான்தான்" என்றேன்.

ஓங்கிக் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பிறகு அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். "எழவெடுத்த பய, உசுரு போயிட்டு வந்துச்சே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தங்கம்மா அத்தை, "இந்தப் பொட்டியத் தூக்கிக் கண்மாயில எறியப் போறேன் பாரு" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். அம்மா உருண்ட குழாய்களைப் பொறுக்கி அடுக்கிவிட்டு, மறுபடியும் உருட்ட உட்கார்ந்தாள். என் கன்னத்தில் பசை காய்ந்து இறுகிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்க வேண்டும், திறக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா இருபது குழாய் உருட்டியிருப்பாள்.

வெளியே தங்கம்மா அத்தையின் குரல் கேட்டது. "ஐயோ, மேக்க பொக கெளம்புதே!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை. எழுந்து ஓடினாள். நானும் ஓடினேன். இந்தத் தடவை கேட்டில் யாரும் எங்களை மறிக்கவில்லை.

பூச்சட்டி அறை இருந்த இடத்தில் அறை இல்லை. தங்கம்மா அத்தையின் மருமகள் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பித்தாள். அக்கா திரும்பவில்லை. சத்தம் கேட்டவுடனே ஓடியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று போர்மேன் சொன்னார், ஊர் முழுக்கச் சொன்னது, அம்மாவும் சொன்னாள். என்னை அவள் ஒரு நாளும் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ போன நேரத்துல நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்லே."

அதற்குப் பிறகு நான் ஒரு தாளமும் போடவில்லை. சிந்தசைசரை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இந்தப் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. இதற்குள் அக்காவின் குரல் இல்லை. சீசன் முடியட்டும் என்றாள், அந்தச் சீசன் எங்களுக்கு முடியவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காது என்று அவள் சொன்னதை மட்டும் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் கேட்டிருக்காது. அவளே சொன்னது, அவளுக்குத் தெரியாததா?

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறதாம். எங்கள் ஊர் வீட்டைப் பூட்டி வெகுநாள் ஆகிறது. அம்மா எங்களோடு மதுரையில்தான் இருக்கிறாள். புது வீட்டுக்குள் நுழைந்ததும் மிக்சிக்குப் பிளக் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, நான் இந்தப் பெட்டியை மறுபடியும் காலண்டர் தாளில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பத்தா, சத்தம்!" என்று கத்தினாள். அம்மா நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்நேரமும் மிக்சி ஓடுகிறது.